ஹட்டனுக்கு வரும் புதியவர்

மலைநாட்டின் சிறு நகரொன்றிற் குடியேற எண்ணுபவர் முதலில் அதன் குளிரைப் பற்றியே விசாரிப்பார். கம்பளி வேண்டுமா, குடை போதுமா, அறை வாடகை எவ்வளவு என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறப் பலர் உளர். ஆயின் அந்நகரில் மனிதராய் வாழ்வதற்கு வேண்டிய அறிவு இவ்விடைகளுள் அடங்குவதன்று. ஆசிரிய நியமனம் பெற்று வடபுலத்திலிருந்து ஹட்டனுக்கு வந்த இளைஞர் ஒருவர் இதனை உணர்ந்துகொள்ள ஓராண்டு சென்றது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள ஹட்டன், தனக்கென வாழும் நகரன்று. தோட்டங்களுக்காக எழுந்த நகர். 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த புகையிரதப் பாதை, 1885இல் நானுஓயா வரை நீண்டது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஹட்டன், சுற்றுப்புறத் தோட்டங்களின் தேயிலை வெளியேறவும் அவற்றுக்கான அரிசியும் துணியும் வந்திறங்கவும் வாயிலாயிற்று. ஹட்டன், டன்பார், டன்கெல்ட் என இங்கு வழங்கும் பெயர்கள் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவை. துரைமார் தம் ஊர்ப் பெயர்களை உடன்கொணர்ந்து நிலப்படத்திற் பொறித்தனர். தொழிலாளர் தோட்டங்களுக்கு இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களோ அவர்தம் நாவில் மட்டுமே நிலைத்தன.

முதல் மாதங்களில் ஆசிரியர் கற்றவை எளியவை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மழை விடட்டும் எனக் காத்திருப்பவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். மாதத்தின் 10ஆம் நாளை ஒட்டித் தோட்டங்களிற் சம்பளம் வழங்கப்படுவதால், அதனை அடுத்த ஞாயிறன்று கடைத்தெருவிற் கால்வைக்க இடமிராது. மார்கழி முழுமதி நாள் முதல் வைகாசி முழுமதி நாள் வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர் நள்ளிரவிலும் வந்திறங்குவர். மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்குச் செல்லும் பேருந்துகளில் அக்காலத்தில் இடம் கிடைப்பது அரிது. பிந்தி வந்த மாணவனை ஒருநாள் அவர் கடிந்துகொண்டார். அவன் மலைச்சரிவில் நெடுந்தூரம் நடந்து இறங்கி, நிறைந்து வந்த இரு பேருந்துகளைத் தவறவிட்ட பின்னரே வந்தவன் என்பதைப் பின்னர் அறிந்தார். அன்று முதல் பிந்தி வருபவரிடம் காரணத்தைக் கேட்ட பின்னரே கண்டிப்பது அவர் வழக்கமாயிற்று.

ஆயினும் அவர் அறியாதது ஒன்றிருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், “சேருக்குச் சொந்த ஊரு எதுங்க?” என்று வினவினார். அவர் தம் ஊரைக் கூறிவிட்டு, மரியாதை கருதி, “உங்கட சொந்த ஊர் எது அம்மா?” என்று திருப்பிக் கேட்டார்.

“இந்தத் தோட்டந்தாங்க சேர்.”

“அது நீங்கள் இருக்கிற இடம். நான் கேட்டது சொந்த ஊரை.”

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “எங்க அப்பா பொறந்ததும் இங்கதாங்க. இதுக்கு மேல எங்க போயி ஊரு தேடுறது?” என்றார். குரலிற் சினமில்லை. அதுவே ஆசிரியரை நெடுநாள் வருத்தியது.

யாழ்ப்பாணத்தில் இருவர் அறிமுகமாகும்போது இயல்பாக எழும் வினா அது. மலையகத்திலோ அதற்கொரு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்ததை ஆவணங் கொண்டு நிறுவுமாறு இம்மக்களிடம் கேட்டது; பிறப்புப் பதிவுகள் ஒழுங்காயிராத லயங்களில் அது பெரும்பாலோர்க்கு இயலாத காரியமாயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எந்நாட்டில் வாழ விருப்பம் என்று அம்மக்களைக் கேட்டு எழுதப்பட்ட உடன்படிக்கைகளல்ல இவை. தாயகந் திரும்புவோர் என்ற பெயரில், தாம் கண்டறியாத தாயகத்துக்கு அவர்கள் தலைமன்னார் வழியே அனுப்பப்பட்டனர். ஒரே குடும்பத்தினர் சிலர் வண்டியினுள்ளும் சிலர் மேடையிலுமாக நின்று கதறியமையால், அந்தப் புகையிரதத்தை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இத்தனையும் கடந்தவரிடம் ‘சொந்த ஊர் எது?’ என்று வினவுவது, மீண்டுமொருமுறை சான்று காட்டுமாறு கேட்பதாகவே ஒலிக்கும்.

இதன் மற்றொரு முகத்தை ஒரு கடிதம் காட்டிற்று. உயர்தரத்திற் சித்தியெய்திய மாணவி ஒருத்திக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. தோட்டப் பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், ஹட்டன் என்பவையே அவளது முகவரி. அவள் பிரிவில் வாழும் அனைவருக்கும் அதுவே முகவரி. கடிதம் தபாலகத்திலிருந்து தோட்ட அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்து எவரோ எடுத்துச் சென்று, ஒத்த பெயருடைய வேறொரு வீட்டிற் கிடந்து, அவள் கையை அடைந்தபோது தேர்வு நாள் கடந்திருந்தது. அன்றிரவு ஆசிரியர் தம் மேசையிலிருந்த கடிதமொன்றை நோக்கினார். வீதியின் பெயரும் வீட்டிலக்கமும் அதில் ஒழுங்காய் இருந்தன. இந்நகருக்கு வந்த முதல் வாரத்திலேயே, வாடகைப் பணத்தைக் கொடுத்த மாத்திரத்தில், அவருக்கு அம்முகவரி கிட்டியிருந்தது. நான்கு தலைமுறையாக இம்மண்ணிற் கொழுந்து கொய்த குடும்பத்துக்கு அது இல்லை. இவ்விருவருள் புதியவர் யார்?

அண்மை ஆண்டுகளில் தனிவீட்டுத் திட்டங்கள் ஆங்காங்கே எழுந்துள்ளன. எனினும் லயத்து அறைகளிலேயே வாழ்வோர் இன்னும் பலர். தம் முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்தமையை நினைவுகூர்ந்து, 2023இல் அவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் கால்நடையாய் வந்த வழி அது. இரு நூற்றாண்டின் பின்னும் இம்மண்ணுக்குரியோர் தாம் என்பதை நடந்து காட்டவேண்டியிருந்தது என்பது சிந்தித்தற்குரியது.

ஆதலின் ஹட்டனுக்கு வருபவர் கம்பளியையும் குடையையும் மறவாது கொணர்க. அவற்றுடன் இன்னொன்றையும் மனங்கொள்க: இந்நகரில் விருந்தினர் தாமே, விருந்தோம்புவோர், நாட்டினால் நெடுங்காலம் விருந்தினராகவும் ஏற்கப்படாதவர்.

அவ்வாசிரியர் இப்பொழுது எவரிடமும் சொந்த ஊர் எதுவென்று கேட்பதில்லை. “எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்?” என்று இங்குள்ளோர் கேட்குமாறே கேட்கிறார், விடை தயக்கமின்றி வருகிறது. உயர்தர வகுப்பு மாணவர் விண்ணப்பப் படிவங்களை நிரப்பும் நாளில், தம் அறையின் முகவரியைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறார். தபாற்காரர் கொணரும் கடிதங்களுள் அவருக்குரியவை சிலவே.