பின்வாங்கல்

அம்மா இறந்து ஏழு மாதங்களாகியிருந்தன. அதற்குள் அப்பா பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். 'ம்', 'போதும்', 'விளக்கை அணை'. எழுபத்தாறு வயதில் மனிதர் இப்படிச் சுருங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. ஒரு நாள் காலை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்: "திருமுல்கேரிக்குப் போகணும் பாப்பா. மூணு நாள் சும்மா உட்கார்ந்திருக்கணும்."

ஹைதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்தின் கன்டோன்மென்ட் பகுதியில் இருக்கிறது திருமுல்கேரி. தெலுங்கில் அதன் பெயர் திருமலகிரி. ஆங்கிலேயன் வாயில் நுழைந்து சிதைந்து வந்த பெயரை அங்கே குடியேறிய தமிழர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிரி, கேரியாகிவிட்டது. கன்னடத்தில் கேரி என்றால் தெரு. மலை போய்த் தெரு வந்த கதை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவளுக்கு இதெல்லாம் உறுத்தும்.

1798இல் நிஜாம் கம்பெனியோடு செய்துகொண்ட துணைப்படை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இங்கே மதராஸ் பட்டாளங்கள் வந்தன. பட்டாளம் வந்தால் சமையல்காரர், பட்லர், குதிரைக்காரர், துணி வெளுப்பவர் என்று ஒரு தமிழ் ஊரே பின்னால் வரும். 1857 கிளர்ச்சியில் மிரண்ட வெள்ளையர்கள் திருமுல்கேரியில் அகழி வெட்டி அரண் அமைத்தார்கள். இங்கிலாந்துக் கோட்டை போன்ற தோற்றத்தில் ஒரு ராணுவச் சிறையும் எழுந்தது. 1860இல் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். அந்தத் தமிழ் ஊரின் கடைசித் தலைமுறைகளில் ஒன்று எங்கள் குடும்பம். தாத்தா ஆபீசர்கள் மெஸ்ஸில் சமையல்காரர். அப்பா லால் பஜாரில் வளர்ந்தவர்.

நாங்கள் தங்கிய தியான இல்லத்தின் பெயர் வேண்டாம். அதை நடத்தும் சபையின் பெயரும் வேண்டாம். 1950களில் சிறுவனாக அதன் இரும்புக் கேட்டின் கம்பிகள் வழியே உள்ளே பார்த்தவர் அப்பா. மாமரங்கள், கையில் புத்தகத்தோடு மெதுவாக நடக்கும் பாதிரிமார்கள், ஒரு சின்ன ஜெபக்கூடம். உள்ளே போனதில்லை, சமையல்காரர் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? எழுபது வருஷமாக அந்த ஜெபக்கூடம் அவர் மனதில் இருந்திருக்கிறது. எனக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

இரண்டு முறை தொலைபேசியில் பேசினேன். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று இரண்டு முறையும் சொன்னேன். "ஆகட்டும் மேடம்." மூன்று நாளுக்கும் பணம் முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை. பதிவேட்டில் பெயர், ஊர், சபை. பிறகு, "உங்கள் சபை குருவின் கடிதம் எங்கே?" தொலைபேசியில் யாரும் கேட்காத கடிதம். அப்பா நின்றுகொண்டே இருந்தார். ஒரு நாற்காலியைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு சாவி வந்தது. இரண்டாவது மாடி. கீழ்த்தளம் முழுவதும் ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியின் விற்பனைப் பயிற்சிக்கு.

முப்பத்தெட்டுப் படிகள். அப்பா நின்று நின்று ஏறியதால் எண்ண முடிந்தது.

மாடிச் சுவரில் 'மௌனம் காக்கவும்' என்று மூன்று மொழிகளில் பலகை. கீழே மைக்கில் ஒருவர், "நம்மால் முடியுமா?" என்று கேட்க, ஐம்பது பேர் "முடியும்!" என்று கத்தினார்கள். சாப்பாடு ஏழரைக்கு. படியிறங்க ஆன நேரத்தில் பதினைந்து நிமிடம் தாமதம், தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்ட மனிதர் என்று சொன்ன பிறகு ஆறிப்போன உப்புமா ஒரு கரண்டி வந்தது. இரவு வாட்ச்மேன்தான் வெளியே போய் நான்கு சப்பாத்தி வாங்கி வந்தார். காசை மட்டும் வாங்கிக்கொண்டார். மேலே கொடுத்ததை மறுத்துவிட்டார்.

ஜெபக்கூடம் பூட்டியிருந்தது. சாவி நிர்வாகியிடம். நிர்வாகி வெளியூரில்.

ஆங்கிலத்தில் 'ரிட்ரீட்' என்று ஒரே சொல். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதைப் பழைய வழக்கில் 'ஞானவொடுக்கம்' என்றார்கள். எவ்வளவு அழகான மொழிபெயர்ப்பு! ராணுவத்தில் அதே சொல்லுக்குப் பின்வாங்கல் என்று பொருள். கன்டோன்மென்ட்டில் இரண்டாவது பொருள்தான் செல்லுபடியாகும் போலிருக்கிறது.

விருந்தினரைக் கிறிஸ்துவாகவே கருதி ஏற்க வேண்டும் என்பது ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவியருக்கு வகுத்த விதி. அந்த மரபு நம் மண்ணிலும் வேர்விட்டிருக்கிறது. திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய சாந்திவனம். கடிதம் கேட்காமல் கதவு திறக்கும் கிறிஸ்தவத்தைத்தான் நான் படித்திருந்தேன். அந்த நினைப்போடு போனது என் தவறாகவும் இருக்கலாம்.

மறுநாள் அலுவலகத்தில் சண்டை போட்டேன் என்றே சொல்ல வேண்டும். ரசீதில் 'டொனேஷன்' என்று அச்சிட்டிருந்தது. நன்கொடைக்கு நிர்ணயித்த கட்டணம் எப்படி இருக்க முடியும் என்று கேட்டேன். அந்த இளைஞர் பாவம், "பயிற்சி வகுப்புகள் இல்லையென்றால் கரன்ட் பில் கட்ட முடியாது மேடம்" என்றார். அதுவும் பொய்யாக இருக்காது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக வந்து 2020இல் இன்னும் இறுக்கப்பட்டது. பழைய கட்டடங்களுக்கோ செலவு குறைவதில்லை. ஆனால் ஒரு கிழவருக்கு நாற்காலி போட என்ன செலவு?

பகல் முழுவதும் அப்பா அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே "முடியும்!" சத்தம். குற்ற உணர்ச்சியில் எனக்குக் கையில் இருந்த மொழிபெயர்ப்பு ஒரு பக்கம்கூட நகரவில்லை. ஊருக்குத் திரும்ப டிக்கெட் பார்த்தேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் ஆளைக் காணோம். முப்பத்தெட்டுப் படிகளையும் ஒரே ஓட்டமாக இறங்கினேன். கேட் அருகே, வாட்ச்மேனின் ஸ்டூலில் அப்பா. வாட்ச்மேன் தரையில் குத்துக்காலிட்டு, "மீதி ஏ ஊரு, தாத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இக்கடே" என்றார் அப்பா.

என் நினைவில் அவர் தெலுங்கு பேசி நான் கேட்டதே இல்லை. தட்டுத்தடுமாறித் தொடங்கியது, பிறகு தடையில்லாமல் வந்தது. 1973இல் மதுரைப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக லால் பஜாருக்கு வந்த அம்மா, கடையில் போய்ப் புளி கேட்ட கதை அது. தெலுங்கில் புலி என்றால் நம் புலிதான். புளிக்குச் சிந்தபண்டு என்று சொல்ல வேண்டும். 'எத்தனை கிலோ புலி வேண்டும் அம்மா, உயிரோடா?' என்று கடைக்காரர் கேட்டாராம். அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாளாம்.

வாட்ச்மேன் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், தோள் குலுங்க. நான் மாமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இந்தக் கதையை அம்மாகூட எனக்குச் சொன்னதில்லை.

இரவு, "காலையில் கிளம்பிடலாமாப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நாளைக்கு எனக்கு கேட்கிட்ட நாற்காலி போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.