"உனக்கு அங்கே நிலம் இருக்கா?"

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்கள் அத்தை பேசி முடித்ததும் மேடையில் இருந்த ஒருவர் கேட்டார்: "ஏம்மா, உனக்கு அங்கே நிலம் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் உனக்கு என்ன பாதிப்பு?"

பந்தலில் முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அத்தை மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அரியலூர் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்குவதற்காக நடந்த கூட்டம் அது. எந்த ஆலை, எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் அது ஒரு ஊரின் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். அந்தக் கேள்வியை எங்கள் பக்கத்து ஊர்க் காலனியிலும் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்து ஊரிலும் கேட்டிருக்கிறார்கள்.

அத்தை என்ன பேசினார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஊர்க்காரர் ஒருவரின் மானாவாரிக் காட்டு வழியாகத்தான் போனது. மூன்று தலைமுறையாக அந்த வரப்பில்தான் எங்கள் பிணங்கள் போயின. சோளம் விளைந்திருந்தால் திட்டுவார்கள், ஆனாலும் விடுவார்கள். காடு விலைக்குப் போன பிறகு கம்பிவேலி வந்துவிட்டது. இப்போது தார்ச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு, டிப்பர் லாரிகளுக்கு நடுவில் பாடையைத் தூக்கிப் போகிறோம். அத்தை சொன்னது இதைத்தான். கூடவே ஆட்டு மேய்ச்சல் போனது, அடுப்புக்குப் பருத்திமார் கிடைக்காமல் போனது, கடலை பறித்த காட்டில் தப்புக்கடலை பொறுக்கி மழைக்காலத்தை ஓட்டியது எல்லாவற்றையும் சொன்னார். பாதை புலப்படத்தில் இல்லை. மேய்ச்சல் யார் பெயரிலும் இல்லை. தப்புக்கடலைக்கு ஏது பட்டா?

இந்த மண்ணைப் பற்றி வெளியூர்த் தோழர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது கடல். சின்ன வயதில் மாடு மேய்க்கும்போது சங்கு, சிப்பி போன்ற கற்களைப் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் சுமார் 12 கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்குச் சொன்னார். அந்தக் கடல் விட்டுப்போன சிப்பியும் ஓடும்தான் சுண்ணாம்புக்கல். அதைத் தேடித்தான் ஆலைகள் வந்தன. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. இன்று இந்தியாவின் பெரிய சிமெண்ட் பெயர்களில் பாதி எங்கள் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாகிவிட்டன.

காடு எப்படிப் போனது? பெரும்பாலும் அரசு கையகப்படுத்தவில்லை. தரகர் வந்தார், முன்பணம் கொடுத்தார், கிரயம் ஆனது. பட்டா வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. அவரிடமும் ஏமாற்றிக் குறைவாகத்தான் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. அதை அவர் பேசுவதற்குச் சங்கம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். அந்தக் காட்டில் முப்பது வருடம் களையெடுத்த எங்கள் அம்மாவுக்கு, காடு விலைக்குப் போன செய்தியே களையெடுக்கப் போன அன்றைக்குத்தான் தெரியும்.

சட்டத்தில் எங்களுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதில் நிலம் இல்லாத விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் சேர்த்திருக்கிறது. கையகப்படுத்துவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருந்தால் போதும். ஆனால் இது அரசு கையகப்படுத்தும்போது. நேரடிக் கிரயத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய யாரும் வரமாட்டார்கள். சரி, அரசே எடுக்கட்டும் என்றால், தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்துக்கு அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சட்டத்தையும் படியுங்கள். 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம். உபரி நிலத்தை எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுப்பதற்காக வந்தது. எங்கள் தாத்தாக்கள் அந்தச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே மனுப் போட்டார்கள். அதே சட்டத்தின் 37-ஏ பிரிவு, தொழில் தேவைக்காக என்றால் உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள அரசு அனுமதி தரலாம் என்கிறது. எங்களுக்கு ஐம்பது சென்ட் கொடுக்க உபரி இல்லை என்றார்கள். ஆலைக்கு வரும்போது உச்சவரம்பே இல்லை.

இந்த இடத்தில் சில பசுமை நண்பர்கள் எங்களோடு சேர்ந்து அழ வருவார்கள். விவசாயம் அழிந்தது, கிராமம் அழிந்தது என்பார்கள். அவர்களோடு எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காட்டில் எங்கள் அப்பாவுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மாவுக்குக் கூலி வாங்க வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அந்தக் கிராமம் அழிந்ததற்காக எங்களால் ஒப்பாரி வைக்க முடியாது. பாபாசாகேப் 1918-இலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய கட்டுரையில், நிலத்தை நம்பியிருக்கும் கூடுதல் கைகளைத் தொழில்துறைக்கு மாற்றுவதுதான் தீர்வு என்று வாதாடியிருக்கிறார். நாங்கள் ஆலைக்கு எதிரி இல்லை. ஆலை வந்தபோது எங்கள் காலனியில்தான் முதலில் மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி எவ்வளவு நாள் என்றால், வேலைக்கு ஆள் எடுக்கும் வரை. நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். நிலம் கொடுத்தவர் யார்? மறுபடியும் பட்டா. எங்கள் பையன்கள் ஒப்பந்ததாரர் மூலமாக உள்ளே போனார்கள். மூட்டை ஏற்றுவது, கொட்டியதைக் கூட்டி அள்ளுவது, புதர் வெட்டுவது. ஐ.டி.ஐ. முடித்த தம்பியும் மூட்டைதான் ஏற்றுகிறான். அரசு ஆலையின் நிரந்தரப் பணிக்கு 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அதில் பட்டியல் சாதியினருக்கு 18. தனியார் ஆலையில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஒப்பந்த வேலையில் இட ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டால், நூறு சதவீதமும் நாங்கள்தான் என்று தம்பி சிரிக்கிறான்.

கூலி வாசலில் நின்று வாங்க வேண்டியதில்லை, வங்கியில் ஏறுகிறது. அது சின்ன விஷயம் இல்லை. அதையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

பெரம்பலூர்ப் பக்கம் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 2007 நவம்பரில் அரியலூர் கடைசியாகத் தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. எங்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் பெண் கொடுக்கல் வாங்கல். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். அரியலூரில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. அங்கே எறையூர், திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சுமார் 3,000 ஏக்கர் வாங்கினார்கள். வேலி வந்தது, பலகை வந்தது, பல வருடம் முள்தான் முளைத்தது. 2022 நவம்பரில் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். இப்போது அந்தப் பக்கத்துக் காலனிகளிலிருந்து பெண்கள் வேனில் ஏறி வேலைக்குப் போகிறார்கள்.

எங்கள் தாத்தா ஊர்த்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அவருடைய பேத்தி சீருடை போட்டுக்கொண்டு வெளிநாட்டுக்குப் போகும் செருப்பைச் செய்கிறாள். இதைக் கேட்டால் சிரிக்கவும் தோன்றுகிறது. அவள் நிரந்தரமா, எத்தனை மணி நேரம் நிற்கிறாள், கழிப்பறைக்குப் போக எத்தனை நிமிடம் தருகிறார்கள் என்பதை அவளிடமே கேட்டு எழுத வேண்டும். இன்னொரு பதிவில் எழுதுவோம்.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்தைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். இழப்பீடு போதாது என்று வழக்கு இருபது வருடத்துக்கு மேல் நடந்தது. கடைசியில் அரசு திட்டத்தையே கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. நல்லது. போராடியவர்களுக்குக் கிடைத்த வெற்றிதான். "உரியவர்கள்" என்ற சொல்லை மட்டும் ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். இருபது வருடம் விதைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிலத்துக்காரர்கள் காட்டில் செலவு செய்யத் தயங்கினால், முதலில் நிற்பது கூலி வேலை. அந்த இருபது வருடத்தில் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போன குடும்பங்களுக்கு யார் எதைத் திருப்பிக் கொடுத்தார்கள்?

பணமே இல்லை என்றால் சும்மா இருக்கலாம். பணம் இருக்கிறது. 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு உரிமத் தொகை டன்னுக்கு 80 ரூபாய் என்று கணக்குப் போட்டால், பழைய குத்தகைச் சுரங்கம் அதில் 30 சதவீதத்தை, அதாவது டன்னுக்கு 24 ரூபாயை, அறக்கட்டளைக்குத் தர வேண்டும். ஏலத்தில் எடுத்த புதிய சுரங்கம் 10 சதவீதம், 8 ரூபாய். எங்கள் வீட்டு முன்னால் போகும் ஒவ்வொரு லாரியிலும் அந்த 24 ரூபாய் டன் கணக்கில் போகிறது. அந்தப் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்குச் செலவாக வேண்டும் என்று அதே ஆண்டின் வழிகாட்டுதல் சொன்னது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது.

பாதிக்கப்பட்டவர் பட்டியல். மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டோம். அதில் பெயர் ஏற வேண்டுமானால் யாராவது எங்களை எண்ண வேண்டும்.

கூட்டம் முடிந்து சில வாரம் கழித்து நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பார்த்தோம். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பேசியவர்களின் கருத்து முழுதும் அதில் இருக்க வேண்டும், கூட்டம் முடியும்போது தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் வாசிக்கும் நேரத்தில் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போயிருந்தார்கள், நாங்களும்தான். அது எங்கள் தவறு. அத்தை பேசிய பத்து நிமிடம் அந்தக் குறிப்பில் ஒரே வரியாக இருந்தது: "வேலைவாய்ப்பு வழங்கக் கோரினார்." அத்தை வேலை கேட்கவே இல்லை. அவருக்கு அறுபத்திரண்டு வயது.

அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினோம். "சுடுகாடுன்னு எழுத அவங்களுக்குக் கை வரலையா?" என்றார்.

அன்றைக்குத்தான் நோட்டு வாங்கினோம். வீடு வீடாகப் போகிறோம். யார் காட்டில் வேலை செய்தீர்கள், என்ன பயிர், வருடத்துக்கு எத்தனை நாள், என்ன கூலி, காடு எந்த வருடம் விலைக்குப் போனது, அதற்குப் பிறகு எங்கே வேலை, ஆடு எத்தனை இருந்தது, இப்போது எத்தனை, வெடி வைக்கும்போது எந்தச் சுவரில் விரிசல், யாருக்கு இருமல், எந்த மருத்துவமனை. சர்வே எண் தெரிந்தால் அதையும் எழுதுகிறோம். தெரியாதவர்கள் "கோயிலுக்கு மேலண்டை இருக்கிற வேப்பமரத்துக் காடு" என்கிறார்கள், அப்படியே எழுதிக்கொள்கிறோம். பிறகு பதிவேட்டோடு ஒப்பிடலாம். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து. கைரேகை வைப்பவர்கள் இன்னும் நிறைய.

சுடுகாட்டுப் பாதையை மட்டும் தனியாக வரைந்திருக்கிறோம். எந்த வரப்பில் திரும்பும், எங்கே பாடையை இறக்கி வைப்பார்கள், மழையில் எந்த இடத்தில் கால் புதையும் என்று பெரியவர்கள் நடந்து காட்ட, கைபேசியில் குறித்தோம். வேலிக்கு இந்தப் பக்கம் வரைதான் நடக்க முடிந்தது. மீதியைக் கையை நீட்டிக் காட்டினார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் இந்த நோட்டைத் தீர்மானத்தோடு வைக்கப் போகிறோம். காலனியில் 73 வீடு, இதுவரை 59 முடிந்திருக்கிறது. உங்கள் ஊரில் இதுபோல் எண்ணத் தொடங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள், நாங்கள் கேட்கும் கேள்விகளின் படியை அனுப்புகிறோம். தப்புக்கடலைக்கு ஒரு கட்டம் போட மறந்துவிட்டோம் என்று அத்தை நேற்று திட்டினார். நோட்டின் ஓரத்தில் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம். முடித்த 59 வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும்.