அலை இல்லாத ஊரில் ஓர் அலைச்சறுக்கு ஆசாமி!

“பலகையை வீட்டுல போட்டுட்டு கோபிக்குப் போறியா? அங்க அலை ஏதுடா?”

கோவளம் கடற்கரையில் நண்பர்கள் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். சென்னைக்குத் தெற்கே இருக்கும் அந்த மீனவக் கிராமத்தில்தான் பத்து வருடங்களாக நான் சர்ஃபிங் பழகுகிறேன். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானும் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, கோவளத்தை சர்ஃபிங் கிராமமாக்கிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குப் பயணம் என்றாலே கடற்கரைதான்.

கோஸ்டாரிகா, நிகரகுவா பக்கம் அலை தேடிப் போகிறவர்கள், கடல் படுத்துவிட்ட நாட்களில் உள்நாட்டுக்குள் புகுந்து எரிமலையும் காபித் தோட்டமும் பார்த்துவிட்டு வருவார்கள். எனக்கு அவ்வளவு வசதி ஏது? கோபிசெட்டிபாளையத்தில் ஒரு நண்பன் இருந்தான். ஆவணிக் கடைசியில் ஈரோட்டில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறினேன்.

கோபியை நெருங்க நெருங்க ஜன்னலுக்கு வெளியே ஒரே பச்சை. நெல், வாழை, மஞ்சள், கரும்பு, வரப்போரம் தென்னை. இந்த ஊரை ‘சின்னக் கோடம்பாக்கம்’ என்று சொல்வது சும்மா இல்லை. இயக்குநர் பாக்யராஜின் சொந்த ஊரான வெள்ளாங்கோவிலும் பக்கத்தில்தான் இருக்கிறது.

கொடிவேரியில் வாங்கிய பாடம்

மறுநாள் காலை கொடிவேரி அணைக்குப் போனோம். பவானி ஆற்றின் குறுக்கே 1125-ம் ஆண்டில் கொங்காள்வான் என்ற குறுநில மன்னர் கட்டியதாகச் சொல்லப்படும் தடுப்பணை இது. இங்கிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் சுமார் 24,500 ஏக்கர் இன்றும் பாசனம் பெறுகிறது.

வரிசையாக விழும் தண்ணீரில் குடும்பம் குடும்பமாகக் குளிக்கிறார்கள். கரையில் மீன் வறுவல் வாசம். பரிசலில் ஏறியதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன். பரிசல் ஒரு சுற்று சுற்றியது.

“உக்காருங்க தம்பி! இது நிக்கிற வண்டி இல்லீங்க” என்றார் பரிசல்காரர்.

அதோடு அடங்கியிருக்கலாம். கரைக்கு வந்ததும், எல்லோரும் குளிக்கும் இடத்தை விட்டு, அணைக்குக் கீழே நுரை பொங்கிய ஒரு பள்ளத்தில் இறங்கினேன். கடலில் நீந்துகிறவனுக்கு இடுப்பளவு ஆறு என்ன செய்யும் என்ற திமிர். அடுத்த அடியில் பாறை வழுக்கியது. தண்ணீர் என்னை வெளியே தள்ளவில்லை, அணைச் சுவரை நோக்கி உள்ளே இழுத்தது. மேலே வந்தேன், மறுபடி இழுத்தது. மூன்றாவது முறை கைக்குக் கிடைத்தது பரிசல்காரர் வீசிய துண்டு.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோதுதான் புரிந்தது. கடலில் அலை நம்மைப் புரட்டினால் மூச்சை அடக்கிக் காத்திருப்போம். சில நொடிகளில் அலை கடந்து போய்விடும். தடுப்பணைக்குக் கீழே சுழலும் தண்ணீர் எங்கேயும் போகாது. விழுந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப உருளும். அதில் காத்திருப்பது நீச்சல் தெரிந்தவனுக்கும் ஆபத்து.

பரிசல்காரர் திட்டவில்லை. “கடலு உங்களுக்குத் தெரியும். ஆறு எங்களுக்குத் தெரியும். கேட்டுட்டு எறங்கோணும்ங்க” என்று மட்டும் சொன்னார்.

பப்பாளி சொன்ன கதை

மதியம் நண்பன் வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். “இன்னொரு கரண்டி போட்டுக்குங்க கண்ணு” என்று அம்மா விடவில்லை. கடைசியில் தோட்டத்துப் பப்பாளி வந்தது.

“இந்தப் பப்பாளிக்கு ஒரு கதை இருக்குதுங்க தம்பி” என்று ஆரம்பித்தார் நண்பனின் அப்பா. 2008-ல் கோவைப் பகுதியில் ஒரு வெள்ளைப் பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பூர்வீகம். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியதில் பட்டுப்புழு வளர்த்தவர்கள் தவித்துப்போனார்கள். மருந்து அடித்தும் மாளவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, அந்தப் பூச்சியையே தின்று வளரும் குட்டிக் குளவிகளை விஞ்ஞானிகள் தருவித்து வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது.

“சீக்கும் அந்தப் பக்கமிருந்துதான் வந்துச்சு, மருந்தும் அந்தப் பக்கமிருந்துதான் வந்துச்சு” என்று சிரித்தார்.

நான் போக முடியாத மத்திய அமெரிக்கா, எனக்கு முன்பே கோபிக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறது! யோசித்தால் பப்பாளி, மிளகாய், மக்காச்சோளம் எல்லாமே அந்தப் பக்கத்துச் சொத்துதான்.

அப்பாவின் அலை

மாலையில் அப்பாவோடு பவானிசாகர் அணை. மோயாறும் பவானியும் சேரும் இடத்தில் 1955-ல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணை. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், தூரத்தில் மலை. கடலைப் பார்த்தது போல நின்றேன். இங்கிருந்து கிளம்பும் கீழ்பவானிக் கால்வாய் சுமார் 200 கி.மீ. ஓடி, இரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கருக்குப் பாய்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இல்லை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பாதி மதகுகளுக்கு நெல்லுக்கான தண்ணீர். மீதிப் பாதி ஜனவரி வரை காத்திருந்து கடலை, எள் போட வேண்டும். அடுத்த வருடம் முறை மாறும்.

“இந்த வருசம் நம்ம மதகுக்கு நெல்லு முறைங்க. அணை 105 அடி. தெனமும் காலையில பேப்பர்ல எத்தனை அடின்னு பாத்துட்டுத்தான் காபியே குடிப்பேன்” என்றார் அப்பா.

தண்ணீர் வெகுவாக இறங்கினால், உள்ளே மூழ்கிக்கிடக்கும் டணாய்க்கன் கோட்டை தலைகாட்டுமாம். பார்க்கப் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம், விவசாயிக்குத் திண்டாட்டம்.

தினமும் காலையில் நானும் செல்போனில் அலை எத்தனை அடி என்றுதான் முதலில் பார்க்கிறேன். அலை வராவிட்டால் எனக்கு ஒரு நாள் விளையாட்டு போகும். அவருக்கு ஒரு போகமே போய்விடும்.

ஊர் திரும்பிய பிறகும் காலையில் அலையைப் பார்க்கிறேன். அதற்கு முன்னால், பவானிசாகர் எத்தனை அடி என்று பார்த்துவிடுகிறேன்.

எப்படிப் போவது? ஈரோட்டிலிருந்து கோபி சுமார் 35 கி.மீ. அடிக்கடி பஸ் உண்டு. கொடிவேரி, கோபியிலிருந்து சத்தியமங்கலம் போகும் வழியில் சுமார் 15 கி.மீ. ஆற்றில் வெள்ளம் வரும்போது குளிக்கத் தடை இருக்கும் என்பதால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இறங்கும் முன் உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள்!