மூன்று கிழமை

எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பேசின் பிரிட்ஜ் யார்டு தெரியும். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகாத வண்டிகள் இங்கேதான் நிற்கும். டெல்லியிலிருந்து இரண்டு ராத்திரி ஓடி வந்த ரயில்கூட, ஊர் வந்துவிட்டது என்று ஜனங்கள் பெட்டியை இறக்கி வாசலில் நின்ற பிறகு, கடைசி இரண்டு கிலோமீட்டருக்காகக் காத்துக்கிடக்கும். ராத்திரி பத்தரைக்கு மேல் ஷன்டிங் சத்தம் அதிகம். போனில் பேச முடியாது.

அந்த நேரத்தில்தான் அண்ணா இங்கிலாந்திலிருந்து கூப்பிடுவார். அங்கே அப்போது மாலை ஐந்து மணி.

"தம்பி, என்ன சத்தம் அது?"

"ரயில்ணா."

"சரி, அது போகட்டும்" என்று அமைதியாக இருப்பார். முதல் இரண்டு நாள் அதைப் பொறுமை என்று நினைத்தேன். திடீரென்று வரும் இரும்புச் சத்தம் அடங்கும்வரை அவரால் எதையும் சொல்ல முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. அதற்கப்புறம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்து பேசினேன்.

அவர் என் கல்லூரி நண்பனின் பெரியம்மா மகன். நண்பன் கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்தவன். கும்மிடிப்பூண்டி யூனிட் வண்டியில் வந்து, செமஸ்டர் சமயங்களில் பேசின் பிரிட்ஜில் இறங்கி எங்கள் வீட்டிலேயே தங்கிவிடுவான். அவன் குடும்பம் 1990இல் படகில் வந்தது. பெரியம்மா குடும்பம் வன்னியிலேயே இருந்துவிட்டது. அண்ணாவின் புகலிட விசாரணைக்கு இருபது நாள் இருந்தபோது நண்பன், "மச்சி, நான் நைட் ஷிஃப்ட். நீ கொஞ்சம் கூட இருடா. இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொன்னா போதும்" என்றான்.

படித்துச் சொன்னால் போதும் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். ஆனால் பதிமூன்று வருஷமாக சாஃப்ட்வேரில் இருப்பவன் கையில் ஒருவருடைய வாழ்க்கையைக் கொடுத்தால் என்ன செய்வான்? எக்செல் ஷீட் திறப்பான். தேதி, இடம், யார் இருந்தார்கள், ஆதாரம் என்று நான்கு பத்திகள் போட்டேன். சர்வர் விழுந்தால் லாகை எடுத்து நிமிஷம் நிமிஷமாகப் பார்ப்போம். அதே வேலைதான் என்று நினைத்தேன்.

*

அங்கே நடைமுறை இரண்டு கட்டம். வந்து சேர்ந்ததும் சுருக்கமாக ஒரு முதல் விசாரணை நடக்கும். பெயர், வந்த பாதை, திரும்பிப் போனால் என்ன பயம் என்று சில கேள்விகள். பல மாதம், சில சமயம் வருடம் கழித்து முழு விசாரணை. அதில்தான் எல்லாவற்றையும் துருவுவார்கள். முதலில் சொன்னதற்கும் பிறகு சொல்வதற்கும் இடையில் உள்ள வேறுபாடுகள் நம்பகத்தன்மைக்கு எதிராக எண்ணப்படும். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் என்று 1951 அகதிகள் ஒப்பந்தம் ஐந்து காரணங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருக்க வேண்டும். முன்பெல்லாம் 'நியாயமான அளவு சாத்தியம்' இருந்தாலே பிரிட்டனில் போதும். 28 ஜூன் 2022க்குப் பிறகு மனுச் செய்தவர்களுக்குச் சட்டம் மாறிவிட்டது. அவர் உண்மையாகவே அஞ்சுகிறாரா என்பதை, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு முதலில் நிறுவ வேண்டும்.

நண்பனின் அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டார். "எங்களை ஆரும் இப்பிடிக் கேக்கேல்லையே தம்பி. மண்டபத்தில பேர் பதிஞ்சவை, பேந்து முகாமுக்கு விட்டவை." இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இங்கே வந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து 'நீ அகதிதானா' என்று தீர்மானிக்கும் சட்டமே கிடையாது. கூட்டமாக வந்தார்கள், கூட்டமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் கூட்டமாகவே முகாமில் இருக்கிறார்கள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, குடியுரிமை வரவில்லை. அவருக்கு நினைவிருந்த ஒரே நேர்காணல் திரும்பிப் போகிறவர்களுக்கானது. ராஜீவ் கொலைக்குப் பிறகு ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அலுவலகம் திறந்தது. விரும்பித்தான் போகிறீர்களா என்று கேட்பது அதன் வேலை.

*

ஒன்பதாம் நாள் ஷீட் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. வழக்கறிஞர் தயாரித்த ஆங்கில வாக்குமூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு இடத்தில் முட்டியது. அண்ணா இரண்டாம் முறை பிடிக்கப்பட்டது போர் முடிந்து சில வருடம் கழித்து. வாக்குமூலத்தில் மூன்று வாரம் அடைத்துவைத்தார்கள் என்று இருந்தது. என் ஷீட்டில் மூன்று நாள். முதல் விசாரணைப் பதிவின் நகலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் மூன்று நாள்.

"அண்ணா, எங்கிட்ட மூணு நாள்னு சொன்னீங்க. முதல் விசாரணைலயும் அதேதான். ஸ்டேட்மென்ட்ல மட்டும் மூணு வாரம்னு இருக்கு. எது சரி?"

"நான் மூண்டு நாள் எண்டு சொல்லேல்லை தம்பி."

"நான் எழுதி வச்சிருக்கேன்ணா. நீங்க சொன்னதுதான்."

"நான் சொல்லேல்லை."

"அப்ப ரெண்டு இடத்துல எப்படி ஒரே மாதிரி வரும்?"

கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. ஆபீஸில் ஜூனியர் பையன் 'நான் கோடைத் தொடவே இல்லை' என்று சொல்லும்போது வரும் குரல் அது. அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாளைக்குக் கதைப்பம்" என்று வைத்துவிட்டார். அன்று ராத்திரி அவரைப் பற்றி ஒரு சந்தேகம் எனக்குள் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒருவேளை கூட்டிச் சொல்கிறாரோ? சொன்னால்தான் என்ன? அப்படி நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். சண்டை நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "போன கிழமை டொக்டரிட்ட போனனான்" என்று ஆரம்பித்தார்.

"எந்தக் கிழமைணா?"

"போன கிழமை எண்டா போன கிழமைதான். ஏழெட்டு நாளுக்கு முதல்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். நமக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். அவர்களுக்குக் கிழமை என்றால் வாரம். 'மூண்டு கிழமை வச்சிருந்தவங்கள்' என்று அவர் சொன்னதைத்தான் நான் 3 நாள் என்று டைப் செய்திருந்தேன். முதல் விசாரணையில் மொழிபெயர்த்தவர் போனில் வந்தவர், முகம் பார்க்கவில்லை. "இந்தியத் தமிழ்தான் கதைச்சவர், நல்ல மனுசன்" என்றார் அண்ணா. பிழை அங்கேயும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அவர் மீது கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ஒன்பது நாள் தினமும் பேசிய நானே அதைத்தானே செய்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ, பிழை பிடிபட்டது நல்லதெல்லே" என்றார். வழக்கறிஞருக்கு உடனே எழுதினோம். அவர் விசாரணைக்கு முன்பே திருத்தக் கடிதம் அனுப்பினார், இலங்கைத் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டார். முதல் விசாரணைக்குப் பிறகு இதையெல்லாம் செய்யலாம் என்பதே அண்ணாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு புதிதாக ஒரு ஷீட் போட்டேன், வெறும் சொற்களுக்கு. இயக்கம் என்றால் வெறும் அமைப்பு இல்லை, புலிகள். தடுப்பு என்றால் சிறைவைப்பு. புனர்வாழ்வு என்பது சரணடைந்தவர்களை வைத்திருந்த முகாம். ஒழுங்கை என்றால் சந்து. பின்னேரம் என்றால் சாயங்காலம். தலையாட்டி என்றால், முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கும் ஆட்களைப் பார்த்துத் தலையசைக்க வைக்கப்படுகிறவன். அவன் தலை அசைந்தால் எதிரே நிற்பவன் வீட்டுக்குப் போக முடியாது. ஒரே மொழி பேசுகிறோம் என்ற தைரியத்தில் நான் எதையும் திருப்பிக் கேட்காமலே இருந்திருக்கிறேன். சிங்களமோ பிரெஞ்சோ பேசியிருந்தால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டிருப்பேன்.

*

தேதிகள் அப்போதும் தீரவில்லை. வட்டுவாகல் பாலத்தைக் கடந்தது 2009 மே 16ஆ, 17ஆ? அவருக்குத் தெரியவில்லை. தண்ணீரில் என்ன மிதந்தது என்று தெரியும். யாருடைய குழந்தையைத் தூக்கிவந்தார் என்று தெரியும். மெனிக் பாம் முகாமில் எத்தனையாவது மாதம் என்று தெரியாது, ஆனால் மழை வந்து கூடாரத்துக்குள் தண்ணீர் ஏறியது தெரியும். இரண்டாம் முறை பிடித்தது எப்போது என்றால், "மாவீரர் நாளுக்கு ரெண்டு கிழமைக்கு முதல்" என்பார். அதாவது நவம்பர் 27க்குப் பதினான்கு நாள் முன்பு.

எங்கள் வீட்டிலும் இப்படித்தானே. ஆயா பர்மாவிலிருந்து கப்பலில் வந்து வியாசர்பாடியில் குடியேறியவள். எந்த வருஷம் என்று கேட்டால், "உங்க அப்பன் நடக்கப் பழகுன வருசம்" என்பாள். அம்மாவுக்கு எம்ஜிஆர் செத்தது, வெள்ளம் வந்தது, வர்தா புயலில் ஷீட் பறந்தது. இதை நாம் யாரும் பொய் என்று சொல்வதில்லை.

தேதிப் பத்திக்குப் பக்கத்தில் 'எதற்கு முன், எதற்குப் பின்' என்று இன்னொரு பத்தி சேர்த்தேன். அதை நிரப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதைப் பார்த்து எல்லாவற்றையும் கோர்வையாக ஒப்பிக்கப் பழக்கலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும், கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டும், முடியவில்லை என்றால் இடைவேளை கேட்க வேண்டும். பழக வேண்டியது இந்த மூன்றுதான். என் ஷீட்டை அவருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

நான் கேட்காமல் விட்ட ஒன்று, அந்த மூன்று வாரத்தில் நடந்தது. ஒருநாள் அவரே கேட்டார். "தம்பி, முதுகில இருக்கிற தழும்பை நானே செய்விச்சனான் எண்டு சொல்லுவாங்களோ?" முகாமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேவி என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கு அது. 2011இல் பிரிட்டன் வந்தவர். முதுகில் ஐந்து, வலது கையில் இரண்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஏற்பட்ட தழும்புகள். அவர் கேட்டுக்கொண்டதால் வேறொருவர் சுட்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்த ஐ.நா. வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை, பொருந்தவில்லை என்பதில் தொடங்கி வேறு காரணமே இருக்க முடியாது என்பதுவரை ஐந்து படிநிலைகளை மருத்துவருக்குத் தருகிறது. அந்த அறிக்கைக்கு என்ன எடை என்ற கேள்வி 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்வரை போனது. இப்படிச் சொல்லிச் செய்துகொள்வது மிக மிக அரிது என்று சொல்லி நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது அனுமதி இல்லை, வழக்கை மறுபடி விசாரிக்கும் உத்தரவு. அதற்குள் எட்டு வருடம்.

இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு முழுசாகச் சொன்னேன். "எட்டு வருசமோ" என்று மட்டும் கேட்டார்.

*

விசாரணை ஐந்து மணி நேரம் நடந்தது. அன்று ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது. இரண்டு முறை இடைவேளை கேட்டாராம். பாலத்தின் தேதியைத் தெரியாது என்றே சொன்னாராம். மொழிபெயர்த்தவர் இலங்கையா இந்தியாவா என்று கடைசிவரை பிடிபடவில்லையாம்.

"அந்த மூணு கிழமை விஷயம்?"

"கேட்டவங்கள். நான் மூன்று வாரம், இருபத்தொரு நாள் எண்டு சொன்னனான். உங்கட தமிழிலயே சொல்லிட்டன்" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த அறையில் அவரிடம் இருந்தது அவருடைய பேச்சு மட்டும்தான். நம்பப்பட வேண்டும் என்பதற்காக அதிலும் ஒரு சொல்லை விட்டுவிட்டு என்னுடையதைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு அவரைத் தயார் செய்தது நான்.

முடிவு இன்னும் வரவில்லை. இதை அவரிடம் படித்துக்காட்டி, அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிய பிறகுதான் எழுதுகிறேன். நேற்று பேசும்போது வழக்கறிஞர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாராம். போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தம்பிக்கு என்னாச்சு? எப்பத் தெரியுமாம்?"

"ரெண்டு கிழமை ஆகும்மா."

அம்மா காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கிழமை? புதனா, வியாழனா?"