கார் ஷெட்டும் செவலையும்

"சிவில் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிற. ஒரு கார் ஷெட்டுக்கு பிளான் போடத் தெரியாதா?"

போன லீவில் அப்பா இப்படிக் கேட்டதில்தான் வினை ஆரம்பித்தது. ஆடு தானாகவே வந்து தலையைக் கொடுத்தது. ஆடு அடியேன்தான் :-)

முதலில் வண்டியைப் பற்றி. அப்பா முப்பது வருஷமாக அடுத்தவர் வண்டி ஓட்டியவர். கண் கொஞ்சம் மங்க ஆரம்பித்ததும் ராத்திரி ஓட்டத்தை விட்டுவிட்டு, முதலாளி ஓரம் கட்டி வைத்திருந்த ஒரு டீசல் அம்பாசடரை விலை பேசி வாங்கி வந்தார். 2014-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. ஆனால் அப்பாவுக்கு அது முதல் சொந்த வண்டி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். தெருவில் வேப்பமரத்தடியில் நின்று, ஐப்பசி கார்த்திகை மழையை முழுசாக வாங்கி, கதவுக்கு அடியில் துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குத்தான் ஷெட்.

வீட்டோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எங்களுடையது மண் சாந்தில் கட்டின ஓட்டு வீடு. அந்தச் சுவரில் ஓட்டை போட்டு இரும்புக் குழாயைப் பொருத்தினால், காற்றடிக்கும்போது ஷெட்டோடு சுவரும் சேர்ந்து ஆடும். தவிர, வண்டியை ஸ்டார்ட் செய்தால் புகை நேராகக் கூடத்துக்கு வரும். அதிலிருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய இடத்தில் சேர்ந்தால் ஆளையே கொன்றுவிடும். ஆகவே ஷெட் தனியாகத்தான் நிற்க வேண்டும், காற்றும் நன்றாகப் போய்வர வேண்டும்.

வண்டியின் நீளம் 4325 மில்லிமீட்டர், அகலம் 1662. அடிக்கணக்கில் 14 அடி 2 அங்குலம், ஐந்தரை அடி. சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு 16-க்கு 8 என்று போட்டேன். பென்சில், ஸ்கேல், வடக்குக் குறி எல்லாம் வைத்து அழகான பிளான். வாத்தியார் பார்த்திருந்தால் பத்துக்கு எட்டாவது கொடுத்திருப்பார்.

அப்பா பிளானைப் பார்க்கவே இல்லை. நாலு குச்சி நட்டார், 16-க்கு 8 அளந்து சுற்றிலும் கயிறு கட்டினார். முன்பக்கக் கயிற்றை அவிழ்த்து வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "இப்ப நீ உக்காந்து எறங்கு பாப்போம்" என்றார். கதவைத் திறந்தேன். ஒன்றேகால் அடியில் கயிறு இடித்தது. தொப்பையே இல்லாத நானே ஒருக்களித்து நெளிந்துதான் வெளியே வந்தேன்.

"வண்டிக்கு அளவு எடுத்துட்ட. எறங்குற ஆளுக்கு எடுக்கலியே?"

முப்பது வருஷமாக யார் யாருக்கோ கதவைத் திறந்துவிட்டவருக்கு அந்த இடைவெளி கையிலேயே இருந்திருக்கிறது. டிரைவர் பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் இரண்டு. ஆக அகலம் 11. பானெட்டைத் தூக்கிவிட்டு முன்னால் நின்று வேலை பார்க்க மூன்று அடி, பின்னால் கொஞ்சம். ஆக நீளம் 18. கயிறு ஒரு நிமிஷத்தில் சொன்னதை ஸ்கேல் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்லவில்லை.

வண்டிக்கு அடியில் வேலை செய்ய அப்பா ஒரு குழி கேட்டார். இதில் மட்டும் நான் ஜெயித்தேன். டெல்டாவில் மழைக்காலத்தில் இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அது சர்வீஸ் குழியாக இருக்காது, மீன் தொட்டியாகத்தான் இருக்கும்.

அடுத்தது இடம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் 9 அடிச் சந்து, அதன் கடைசியில் கொல்லை. சந்திலிருந்து வெளியே வந்து வலது பக்கம் திருப்பி நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் மூன்று முறை முன்னே பின்னே எடுக்க வேண்டும். கண் மங்கிய மனிதருக்கு அது வேண்டாத வேலை. நேராக உள்ளே போய், நேராகப் பின்னால் வர வேண்டும். அதற்குக் கொல்லையில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அங்கே மாட்டுக் கொட்டகை. நான் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'பழைய கொட்டகை, இடிக்க' என்று எழுதினேன்.

அம்மா அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். காப்பி வைக்க வந்தவள் பிளானைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அவ எங்க நிப்பா தம்பி?"

அவ என்றால் செவலை. காலையும் சாயங்காலமும் சங்கத்துக்குப் பால் போகிறதே, அந்தப் பசு. என் முதல் வருஷ ஃபீஸில் பாதி அந்தப் பாலிலிருந்து வந்தது. அந்தக் காசில் படித்த படிப்பை வைத்து நான் போட்ட முதல் பிளானில், செவலையின் இடத்தில் பெருக்கல் குறி. சாதாரணமாக எழுதியிருந்தேன் மக்களே, யோசிக்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்பாவும் அந்தத் தாளைப் பார்த்தார். எதுவும் பேசாமல் கொல்லைக்குப் போய் நின்றார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஷட்டருக்கு எவ்வளவு போட்டிருக்க?" என்றார். 22 ஆயிரம் என்றேன். "ஷட்டர் வேணாம். அதுல வலப்பக்க மூலையில அவளுக்கு ஒரு கொட்டகை போடு. இத்தனை வருஷம் வெயில்ல நின்ன வண்டிடா, கதவு இல்லன்னா கோவிச்சுக்காது."

மாட்டுக்கு டர்னிங் ரேடியஸ் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எந்த மூலைக்கும் நடந்து போவாள்!

முதலில் எழும்பியது செவலையின் கொட்டகைதான். பழைய ஓடுகளையே இறக்கி மேலே போட்டோம். தகர ஷீட்டை விட ஓட்டுக்குக் கீழே சூடு குறைவு. மூத்திரம் ஓட ஒரு வாய்க்கால். வைக்கோல் போரைக் காரிலிருந்து தள்ளி வைத்தோம். தீ பயம் ஒன்று, எலி பயம் இன்னொன்று. வைக்கோலில் குடியிருக்கிற எலி, வண்டியின் ஒயரைத்தான் பலகாரமாகத் தின்னும்.

அப்புறம் கார் ஷெட். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே கலர் ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் மலிவு என்றார் மேஸ்திரி. அதன் தூசு நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதால் வேண்டாம் என்றேன். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது, ஷெட்டின் வாயும் மேற்குதான். வடகிழக்குப் பருவமழையின் சாரல் முதுகுப் பக்கம் அடிக்கட்டும் என்று அந்தப் பக்கம் ஷீட் வைத்து அடைத்தோம். தரை கொல்லையை விட அரை அடி உயரம். உள்ளே விழுகிற தண்ணீர் வெளியே ஓட, 18 அடிக்கு 2 அங்குலம் வாட்டம்.

கான்கிரீட் போட்ட பத்தாம் நாளே அப்பா சாவியோடு வந்துவிட்டார். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வரும், 28 நாள் கணக்கு என்று கெஞ்சிப் பார்த்தேன். ஆச்சரியமாக, ஒத்துக்கொண்டார். தினமும் காலையில் அவரே வாளி எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்.

இருபத்தொன்பதாம் நாள் வண்டி உள்ளே போனது. அப்பா கதவை முழுசாகத் திறந்து, நிதானமாக இறங்கினார். எதுவும் இடிக்கவில்லை. வலப்பக்க மூலையிலிருந்து செவலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு அசை போடப் போய்விட்டாள்.

வீட்டில் யாராவது ஷெட் கட்டப் போகிறார்களா? ஸ்கேலை எடுப்பதற்கு முன்னால் நாலு குச்சியும் கொஞ்சம் கயிறும் எடுங்கள். பெருக்கல் குறி போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். எங்கள் சிலபஸில் முதல் பாடமாக இதைத்தான் வைக்க வேண்டும்.