ஓலைப் பீப்பியும் நூலகப் பதிவேடும்

பள்ளிக் குழந்தையின் கையில் கருவியைக் கொடுக்க வேண்டும் என்பதில் இன்று எந்த அரசுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. கேரளத்தில் கைட் நிறுவனத்தின் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் 2018 முதல் இயங்குகின்றன; 2025-26ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாகவே வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, புத்தகப் பை இல்லாத பத்து நாள்களில் கைத்தொழில் பழகச் சொல்கிறது.

இத்திட்டங்கள் எந்த வகுப்பில் தொடங்குகின்றன என்று பார்த்தால் ஒரு வெற்றிடம் தெரியும். அடல் ஆய்வகம் ஆறாம் வகுப்பிலிருந்து. பையில்லா நாள்களும் ஆறாம் வகுப்பிலிருந்து. லிட்டில் கைட்ஸ் எட்டாம் வகுப்பிலிருந்து. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தை கத்தரிக்கோலோடு நின்றுவிடுகிறது. கேரளத் தொடக்க வகுப்புகளின் கணினிப் பாடநூலுக்குக் 'களிப்பெட்டி' என்று அழகான பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது என்னவோ திரைதான்.

கழக்கூட்டத்தில் இந்த வெற்றிடம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் இங்கேதான் இருக்கிறது. அவ்வளாகத்தில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஃபேப் லேப் உண்டு; லேசர் வெட்டுக் கருவியும் முப்பரிமாண அச்சுப்பொறியும் உண்டு. அந்த மதிலுக்கு வெளியே இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நூலகம் என்பது பெரும்பாலும் இரண்டு அலமாரி, ஒரு பதிவேடு, அவற்றைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் ஓர் ஆசிரியர். மேக்கர்ஸ்பேஸ் எனப்படும் ஆக்கக்கூடத்தை அந்த இரண்டு அலமாரிக்கு நடுவில் நடத்த முடியுமா என்பதே கேள்வி.

நூலகத்துக்குள் ஆக்கக்கூடம் என்ற எண்ணம் பரவலான கவனம் பெற்றது, நியூயார்க் மாநிலத்து ஃபேயட்வில் பொது நூலகம் 2011இல் அதைத் தொடங்கிய பின்னர். ஆனால் அதற்கும் முன்பே, எம்.ஐ.டி.க்கு வெளியே அமைந்த முதல் ஃபேப் லேப் 2002இல் மகாராட்டிரத்தின் பாபல் கிராமத்தில் விஞ்ஞான ஆசிரமத்தில்தான் தொடங்கியது. எஸ்.எஸ்.கல்பாக் 1983இல் நிறுவிய அந்த ஆசிரமம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கிராமப் பிள்ளைகளுக்குக் கைவேலை வழியாகக் கல்வி கொடுத்துவந்த இடம். இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்குவோர் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

விலையுயர்ந்த பொறிகள் இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கு அரவிந்த் குப்தாவின் வாழ்நாள் உழைப்பே சான்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இப்பொறியாளர், 1978இல் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பணியாற்றச் சென்றபோது கண்டறிந்தது தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும். மருந்து நீக்கிய குச்சிகளை டியூப் துண்டுகளால் இணைத்தால் மூட்டுகள் கிடைக்கும். மூன்று குச்சிகளை இணைத்த முக்கோணத்தை எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிச் சதுரம் தொட்டவுடன் சாயும். சதுரத்தைச் சாயாமல் நிறுத்த ஒரு குறுக்குக் குச்சி வேண்டும் என்று இரண்டாம் வகுப்புக் குழந்தை தானே கண்டுபிடிக்கிறது. கூரைச் சட்டத்திலும் மின்கோபுரத்திலும் முக்கோணம் ஏன் வருகிறது என்று அதற்குப் பிறகு யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. கழக்கூட்டத்தை அடுத்த தும்பாவிலும் இதுபோன்ற ஒரு தொடக்கம்தான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பிய காலத்தில், மரிய மகதலேனா தேவாலயமும் அதன் ஆயர் இல்லமும்தாம் ஆய்வுக்கூடமாகவும் அலுவலகமாகவும் இருந்தன. வேறொன்றுக்காகக் கட்டிய அறையில் வேலை தொடங்கலாம் என்பதற்கு உள்ளூரிலேயே முன்மாதிரி இருக்கிறது.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் சற்றுத் தயங்குவார், தயங்கவும் வேண்டும். தொடக்கப் பள்ளி, கைத்தொழில் என்னும் இரு சொற்களும் அருகருகே வந்தால் நினைவுக்கு வருவது 1953. ராஜாஜி அரசின் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் குழந்தை தன் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்த தமிழகம், 1954இல் ராஜாஜி பதவி விலகும் வரை ஓயவில்லை. அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். குழந்தைக்குக் கைவேலை நல்லது என்று எவர் சொன்னாலும், எந்தக் குழந்தைக்கு, எந்த நேரத்தில், எதற்குப் பதிலாக என்று கேட்கும் பழக்கம் அந்தப் போராட்டம் கொடுத்த சொத்து. தும்பைத் திரிப்பதும் வலை பின்னுவதும் இன்னார் வேலை என்று பிரித்து வைத்திருந்த கடற்கரைக்கும் அக்கேள்வி பொருந்தும்.

ஆக்கக்கூடம் ஏன் நூலகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. வாசிப்பு நேரத்தைப் பறித்துக்கொண்டு நடக்கும் கைவேலை 1953க்கே திரும்பும். வாசிப்பு நடக்கும் அதே அறையில், எல்லாக் குழந்தைகளுக்கும், யாருடைய தகப்பன் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்விக்கு இடமில்லாமல் நடப்பதே வேறு வகையானது. தமிழில் நூல் என்ற சொல்லுக்கே இந்த அயல் பழக்கமானது. மரத்தின் கோணலைத் தச்சன் நீக்கப் பயன்படுத்தும் கயிற்றையும் பஞ்சிலிருந்து நூற்கும் இழையையும் காட்டித்தான் நன்னூல் நூல் என்பதற்கு விளக்கம் தருகிறது.

இரண்டாவது விடை மொழியைச் சார்ந்தது. தென்னை ஓலையில் பீப்பி செய்யத் தெரிந்த குழந்தையிடம் எப்படிச் செய்தாய் என்று கேட்டால் வரும் விடை, இலக்கண வகுப்பில் மாதக்கணக்கில் கற்பித்தும் வராத ஒன்று: ஓலையைக் கிழித்து, சுருட்டி, ஈர்க்கு குத்தி, நுனியை அழுத்தி, ஊதி. இது வினையெச்சத் தொடர். மலையாளத்தில் அதே குழந்தை கீறி, சுருட்டி, குத்தி, ஊதி என்று சொல்லும். இரு மொழியிலும் ஒரு செயல் முடிந்த பிறகே அடுத்தது என்ற வரிசையை எச்சங்கள் தாங்கி நிற்கின்றன. ஒன்றை இடம் மாற்றினால் பீப்பி ஊதாது. வாக்கியம் தவறா சரியா என்பதை ஆசிரியரின் சிவப்பு மை சொல்ல வேண்டிய தேவையில்லை. பீப்பியே சொல்லிவிடுகிறது.

சொற்களும் அப்படியே. மலையாளத்தில் கீறுவது கிழிப்பது. தமிழில் கீறினால் கோடு விழும், அல்லது இரத்தம் வரும். ஆனால் கீற்றுக் கொட்டகை என்னும்போது அந்தப் பழைய 'கிழித்தல்' பொருள் தமிழிலும் உயிரோடிருப்பது தெரிகிறது. மலையாளத்தில் காகிதத்தை முறிக்கலாம், தமிழில் குச்சியைத்தான் முறிக்க முடியும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இரு மொழிக் குழந்தைகளும் ஒரே மேசையில் அமர நேரும்போது இந்தச் சிறு மோதல்கள் தாமாகவே நிகழும். வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள் அரசுப் பள்ளிகளில் சேரும் இக்காலத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை வகுப்பறையில் மொழி தெரியாதவள். ஓலையை மடிக்கும் மேசையில் அவள் கைதேர்ந்தவள். அருகிலிருப்பவள் சொல்லும் வினைச்சொல், அவள் அந்த நொடியில் செய்துகொண்டிருக்கும் செயலின் மீதே வந்து ஒட்டுகிறது. இத்தகைய குழந்தைகளுக்காக எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கப்பட்ட 'ரோஷ்னி' திட்டம் அவர்களின் தாய்மொழியைப் பாலமாக்கியது. கைச்செயலையும் அதைப் போன்ற பாலமாகக் கருதலாம்.

நடத்துவதில் உள்ள தொல்லைகளை மறைக்க வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போதே மழையும் திறந்துவிடும். பசை காயாது, அட்டை நமுத்துப்போகும், கத்தரிக்கோல் துருப்பிடிக்கும். அட்டைப் பொம்மைகளைக் குளிர்பதன அறைகளில் வடிவமைத்த கையேடுகள் இந்த ஊர்க் காற்றை அறியா. ஈர்க்கு, ஓலை, சிரட்டை ஆகியவை மழையைத் தாங்கும், காசும் கேளா. நாற்பது நிமிடப் பாடவேளையில் எதுவும் முடியாது. ஆகவே முடியாத வேலையைப் பெயரெழுதி வைக்க ஆளுக்கொரு காலணிப் பெட்டி வேண்டும். அது இல்லாத ஆக்கக்கூடத்தில் குழந்தைகள் நாற்பது நிமிடத்தில் முடிவதை மட்டுமே செய்யக் கற்றுக்கொள்வார்கள். பசைக் கை புத்தகத்தில் படாதிருக்க வாளியில் தண்ணீரும் ஒரு பழைய துண்டும் போதும். இரைச்சலுக்கு மருந்து கிடையாது. நூலகம் என்றால் அமைதி என்று பழகிய தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது ஒன்றே வழி.

கேரளத்தில் இதற்கு ஆயத்தமான ஒரு மரபும் உண்டு. பள்ளிச் சாத்திரோற்சவத்தின் பிரவிருத்தி பரிசய மேளையில் குழந்தைகள் நடுவர் முன்னிலையில் களிமண் உருவமும் காகிதப் பொருளும் ஓலைப் பொருளும் செய்கிறார்கள். மேளை போட்டி என்பதால் வீட்டில் பயிற்சி பெற்ற ஒரு குழந்தை பள்ளியின் பெயரில் போகும், மற்றவர்கள் கைதட்டுவார்கள். பரிசு பெற்ற பொருள் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஆக்கக்கூடமும் அந்த அலமாரியில் முடிந்துவிடக்கூடும். அடுத்த ஆண்டு அதை நடத்திய ஆசிரியர் இடமாற்றத்தில் போகும்போது கருவிப் பெட்டிக்கும் பூட்டு விழும்.

அதைத் தடுக்கும் வழி நூலகத்திடமே இருக்கிறது. காரியவட்டம் வளாகத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயச் சுவடி நூலகத்தில், பல்லாயிரம் ஓலைச் சுவடிகள் எண்ணிடப்பட்டு வரிசையாக இருக்கின்றன. அவை பனையோலையும் தாளிப்பனை ஓலையும். பள்ளி முற்றத்தில் பீப்பியாவது தென்னை ஓலை. செய்தவர் போன பின்னும் செய்முறை தங்க வேண்டும் என்ற தேவை இரண்டுக்கும் பொது. பீப்பி இரண்டு நாளில் காய்ந்துவிடும். அதைச் செய்த விதத்தை நான்காம் வகுப்புக் குழந்தை ஒரு தாளில் படத்தோடு எழுத வேண்டும். அத்தாளுக்கு மற்றப் புத்தகங்களைப் போலவே பதிவேட்டில் எண் வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதைக் கையெழுத்திட்டு எடுத்துப்போக வேண்டும். எடுத்துப்போனவள் மறுநாள் ஊதாத பீப்பியோடு வந்து, நுனியை அழுத்த வேண்டும் என்று நீ எழுதவே இல்லையே என்று எழுதியவளைப் பிடித்துக்கொள்வாள். அப்போது அந்தத் தாளில் ஒரு வரி கூடும்.