மூச்சுத் திணறிய மோட்டார்

நீங்கள் ஊட்டிக்குப் போயிருப்பீர்கள். போகாவிட்டாலும், போய் வந்தவர்கள் வாங்கி வந்த வர்க்கியையாவது தின்று பார்த்திருப்பீர்கள். ஆகவே தாவரவியல் பூங்காவைப் பற்றியும் ஏரியில் படகு விடுவதைப் பற்றியும் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள மலைப்பாதையைப் பற்றி. அந்தப் பாதையில் எங்கள் அத்தானுடைய கார் மூச்சுவிட மறந்து போனதைப் பற்றி.

அக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் கோயம்புத்தூர். அந்த ஊர்க் காற்றிலேயே இரும்பு கலந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத் சுற்றிக் கொண்டிருக்கும். பம்பு செட்டும் மோட்டாரும் செய்து பிழைக்கிற ஊர் அல்லவா? அவிநாசி ரோட்டில் பழங்காலக் கார்களுக்கென்றே 2015-ஆம் வருஷம் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். செட்டிபாளையத்தில் 2003 முதல் மோட்டார்ப் பந்தயத்துக்கென்று ஒரு தனிப் பாதையே இருக்கிறது. பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தனின் நினைவாக அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்து கொண்டு, காரைத் துடைத்து, பெட்ரோலோ டீசலோ போட்டு, பேசாமல் ஓட்டிக் கொண்டிருக்க ஒரு மனிதரால் முடியுமா? அத்தானால் முடியவில்லை.

அவருடைய கார் எட்டு வருஷத்துப் பழசு. டர்போ வைத்த டீசல் வண்டி. அதற்கு ஒரு குறையும் இல்லை. அத்தானுக்குத்தான் குறை. "காற்று போகிற வழியைக் கொஞ்சம் பெரிசாக்கினால், வண்டி சும்மா பறக்கும்" என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். கறுப்பு டப்பாவுக்குள் அடக்கமாக இருந்த ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கூம்பு வடிவத்தில் திறந்தவாக்கில் ஒன்றை வைத்தார்கள். டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, பளபளவென்று நீல நிறத்தில் சிலிகான் ஹோஸ் மாட்டினார்கள். மொத்தம் பதினெட்டாயிரம் ரூபாய்.

அந்தப் பதினெட்டாயிரம் அக்காவின் சீட்டுப் பணம்! தெருவில் உள்ளவர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து, மாதா மாதம் கட்டி, ஓவர்லாக் மிஷின் வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்தது. "கடனாகத்தான் எடுத்தேன்" என்றார் அத்தான். அக்கா பதில் சொல்லவில்லை. எங்கள் அக்கா சண்டை போட்டால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

இந்த டர்போ என்பது என்ன என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். மலையேறுகிற கதைக்கு அது அவசியம்.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பைப் போட்டால் அங்கே வேகவே வேகாது என்று குடித்தனம் நடத்தியவர்கள் சொல்வார்கள். தண்ணீர் 93 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடுகிறது. பருப்புக்கு அந்தச் சூடு போதவில்லை. அதற்கு நாம் என்ன செய்கிறோம்? குக்கரில் வைத்து மூடி அழுத்தத்தை உண்டாக்கிக் கொள்கிறோம். மோட்டாருக்கும் அதே சங்கடம்தான். எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும். மலைமேல் காற்று மெலிந்துவிடுகிறது, இஞ்சின் இளைக்கிறது.

டர்போதான் இஞ்சினுக்குக் குக்கர். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் அது சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அமுக்கி உள்ளே தள்ளும். அமுக்கினால் காற்று சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக் கொள்ளும் என்பதால், இன்டர்கூலர் என்ற வலைப்பின்னல் வழியாக அனுப்பி, ஆறவைத்து இஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். ஃபில்டர், டர்போ, இன்டர்கூலர், நடுவே இணைக்கும் ஹோஸ்கள் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி தளர்ந்தாலும் சங்கிலி இல்லை.

1905-இல் ஆல்ஃப்ரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து இஞ்சினீயர் இந்த யோசனைக்குப் பேடண்ட் வாங்கினார். 1918-இல் ஸான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கர் செய்த காரியம் இதைவிட வேடிக்கை. ஓர் ஆகாய விமான இஞ்சினை லாரியில் ஏற்றிக் கொண்டு, கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே போய்விட்டார். கீழே 350 குதிரைச் சக்தி கொடுத்த இஞ்சின், மேலே 230-க்கு இளைத்துவிட்டது. டர்போவை மாட்டினார், 356 வந்தது! ஆக, இது மலைக்கென்றே பரீட்சை பார்த்துத் தேறிய சாமான். அத்தானுடைய வண்டியில் அது முதலிலிருந்தே இருந்தது. இதை நான் பிற்பாடுதான் யோசித்தேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் புறப்பட்டோம். அத்தான், அக்கா, இரண்டு குழந்தைகள், நான். நீலகிரிக்குள் வண்டியில் போக 2024 மே மாதம் முதல் கேட்க ஆரம்பித்த இ-பாஸை முதல் நாளே டெலிபோனில் பதிந்து கொண்டாயிற்று. மேட்டுப்பாளையம் வரையில் சமதரை. அத்தான் ஆக்ஸிலேட்டரை அழுத்தும் போதெல்லாம் "புஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டாயா? அதுதான் டர்போ! பழைய டப்பா இந்தச் சத்தத்தையெல்லாம் முழுங்கிவிட்டது" என்றார் அத்தான்.

நாலு நாளாகப் பேசாமலிருந்த அக்கா வாயைத் திறந்தாள். "என்னங்க, இது கேஸ்கட் போன குக்கர் சத்தம் மாதிரி இருக்கு."

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன்.

கல்லாறு தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது. கமுகந்தோப்பின் நிழல் குளிர்ச்சியாக ரோட்டில் விழும். ஒரு பக்கம் ரயில் பாதை நம்மோடு கண்ணாமூச்சி ஆடும். அந்த ரயிலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டிக்கும் ஓட ஆரம்பித்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் இஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளும். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டையைப் பிடித்துக் கொண்டு, அவசரமே இல்லாமல் ஏறும். ரோட்டில் குன்னூருக்குள் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். யானை கடக்கும் இடம் என்று அங்கங்கே எச்சரிக்கைப் பலகைகள். பாறைச் சுவரின் மேல் குரங்குகள் குடும்பத்தோடு உட்கார்ந்து, இன்றைக்கு எந்தக் கார் நிற்கப் போகிறது என்று பார்த்துக் கொண்டிருக்கும்.

அன்றைக்கு நின்றது எங்கள் கார்.

மூன்று வளைவுகள் ஏறியிருப்போம். "டுப்!" என்று பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். வண்டிக்குச் சட்டென்று உயிர் போய்விட்டது. பின்னால் கரும்புகை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கிழவியைப் போல் முனகிக் கொண்டு, ஓரமாக ஒரு பள்ளத்தின் பக்கம் போய் நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்த அடியில் மலையே எதிரொலித்தது. சின்னவன் அழ ஆரம்பித்தான். பெரியவள், "யானை வருமா சித்தி?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. பெரியவர்கள் கேட்கக் கூடாது என்று அடக்கிக் கொண்டேன். அத்தானின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றாள்.

அரை மணி கழித்து, கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக் கொண்டிருந்த லாரி ஒன்று நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பானெட்டைத் தூக்கினார், ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"ஹோஸ் புடுங்கிக்கிச்சுங்க. லாரியில நாங்க பாக்காத டர்போவுங்களா? உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு, வழுக்கிட்டுப் போயிருச்சு. அம்மிணி, துணி ஏதாச்சும் இருக்குங்களா?"

அக்கா குழந்தையின் துண்டை நீட்டினாள். குழாயின் வாயை உள்ளும் புறமும் துடைத்து, நீல ஹோஸை மாட்டி, ஸ்குரூ டிரைவரால் கிளிப்பை முடுக்கினார்.

"இந்தக் கிளிப் இதுக்குப் பத்தாதுங்க. அமுக்குற காத்து இல்லீங்களா? குன்னூர் வரைக்கும் மெதுவாப் போங்க. மிதிக்காதீங்க. திரும்பவும் புடுங்கிக்கிட்டா அப்படியே நிறுத்திப் போடுங்க. காத்து ஒழுகற வண்டிய ஓட்டினா டர்போ தறிகெட்டுச் சுத்தும். அப்புறம் அதுக்கே செலவு வந்துரும்." கையைத் துடைத்துக் கொண்டவர், மெல்லக் கேட்டார்: "முன்னாலிருந்தே ஒழுகியிருக்கோணுமே. சத்தம் ஏதும் கேக்கலீங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குரங்கைப் பார்த்தேன். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிரைவர் லாரியில் ஏறிக் கொண்டார்.

பர்லியாறு வந்ததும் வண்டியை நிறுத்தி, மங்குஸ்தான் விற்கும் கடையோரம் டீ சாப்பிட்டோம். பிறகு இருபது கிலோமீட்டர் வேகத்தில் குன்னூர். அங்கே ஒரு மெக்கானிக், இளம் பிள்ளை, கூம்பு ஃபில்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பழைய டப்பா மூக்கை முன்னால நீட்டிக்கிட்டு ஜில்லுன்னு வெளிக்காத்தைக் குடிச்சுது சார். இது இஞ்சின் பக்கத்துல, அடுப்படியில உக்காந்து மூச்சு வாங்குது. சூட்டுக் காத்துதானே உள்ளே போகும்?" அதோடு, அந்தப் பஞ்சு ஃபில்டருக்குத் தடவும் எண்ணெய் அதிகமாகி, உள்ளே போகிற காற்றை அளக்கும் சென்சாரின் மேல் படிந்திருக்கிறதாம். சென்சார் கணக்குத் தப்பினால் வண்டியின் மூளையும் கணக்குத் தப்பும்.

இதையெல்லாம் பெரிசாக்கவே கூடாதா என்று நான் கேட்டேன். பத்திரிகைக்காரப் புத்தி! பந்தயப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு வேண்டியதுதான் என்றான். ஆனால் அவர்கள் ஃபில்டர் முதல் இன்டர்கூலர் வரை ஒன்றுக்கொன்று பொருத்தமாக மாற்றி, போல்ட் வைத்த தடித்த கிளிப் போட்டு, வண்டியின் மூளைக்கும் புதுக் கணக்கு எழுதுகிறார்கள். நாம் நடுவில் ஒரு துண்டை மட்டும் மாற்றினால், மற்ற இடமெல்லாம் பழைய அளவில்தானே இருக்கிறது? ஊர் ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. கம்பெனி குறித்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அத்தானுக்கு இது தெரியாது. மாட்டிவிட்ட ஒர்க்‌ஷாப்காரரும் சொல்லவில்லை.

"பழைய டப்பாவும் ஹோஸும் இருந்தா அரை மணி வேலை. இல்லேன்னா கோயம்புத்தூர்லேருந்து வரவழைக்கணும், ரெண்டு நாள் ஆகும்" என்றான் பையன்.

அத்தான் தலையில் கை வைத்துக் கொண்டார். அப்போது அக்கா டிக்கியைத் திறக்கச் சொன்னாள். துணி மூட்டைகளுக்கு அடியில் ஓர் அரிசிச் சாக்கு. அதற்குள் டப்பா, ஹோஸ், பழைய கிளிப்புகள், ஒரு சிறு பொட்டலத்தில் ஸ்குரூக்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒர்க்‌ஷாப்காரர் ஓரமாகப் போட்டிருந்ததை, வண்டி எடுக்கப் போன அன்று அவளே கேட்டு வாங்கி வந்து வைத்திருக்கிறாள்.

"காசு கொடுத்து வாங்கின சாமானை எதுக்கு விட்டுட்டு வரணும்?" என்றாள். அவ்வளவுதான்.

பையன் டப்பாவைக் கழுவித் துடைத்து, உள்ளே எழுபது கிலோமீட்டர் தூசியோ எழுபதாயிரம் கிலோமீட்டர் தூசியோ அடைந்திருந்த காகித ஃபில்டரை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். சென்சாரைச் சுத்தம் செய்தான். பழைய ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்து, புதுக் கிளிப்புகளால் இறுக்கினான். ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. வெல்லிங்டன் தாண்டி, கேத்தி ஏற்றத்தில் வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. "இவ்வளவு நாளும் ஃபில்டர்தான் அடைத்துக் கொண்டிருந்ததோ?" என்று அத்தான் தமக்குத் தாமே சொல்லிக் கொண்டார்.

ஊட்டியில் இருட்டிவிட்டது. எடுத்திருந்த வீட்டில் கம்பளியைப் போர்த்திக் கொண்டு உட்கார்ந்தோம். அக்கா ஊரிலிருந்து கொண்டு வந்த குக்கரில் பருப்பு வைத்தாள். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து "புஸ்ஸ்..." என்று சத்தம் வந்ததே, அத்தான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்!

"விசில்தாங்க" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

நீல ஹோஸையும் கூம்பையும் வாங்கிக் கொள்ள ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் என்று போன வாரம் அத்தான் டெலிபோனில் சொன்னார். பாதி விலைக்குத்தானாம். மீதிக்கு அடுத்த சீட்டைத் தம் பெயரில் கட்டுவதாக ஏற்றுக் கொண்டிருக்கிறார். ஓவர்லாக் மிஷினுக்கு அக்கா கடையில் முன்பணம் கொடுத்துவிட்டாள்.